வயிற்றில் ஏற்றிய மாவிளக்கு

அக்காவின் வயிற்றில் தண்ணீர் கோத்துக்கொண்டபோது ஊர் முதலில் சிரித்தது. பேத்தி எடுக்கிற வயதில் மாசமாக இருக்கிறாளா என்று பூக்கொல்லையில் அவளோடு மல்லிகை பறித்தவர்களே கேட்டார்கள். சினைப்பையில் புற்றுநோய், அது வயிற்றுக்குள் பரவி நீராக ஊறுகிறது என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது. அதற்காக இரக்கம் வந்துவிடவில்லை. அவளுடைய மாமியார் அவளுக்குத் தனித்தட்டும் டம்ளரும் எடுத்து வைத்தார்.

தஞ்சாவூரில் ஊசி குத்தித் தண்ணீரை இறக்குவார்கள். பத்து நாளில் வயிறு மறுபடி முட்டிக்கொள்ளும். இரண்டு வாய் சோறு இறங்காது, மல்லாந்து படுக்க முடியாது. அப்போதுதான் ஒரு டாக்டர் வேறு வழி சொன்னார். வயிற்றில் சிறு துளைகள் போட்டு, புற்றுநோய் மருந்தைச் சூடாக்கி உள்ளே விட்டு, ஒன்றரை மணி நேரம் சுற்றவைத்து எடுப்பார்களாம். தண்ணீர் ஊறுவது அநேகமாக நின்றுவிடும். நோய் நிற்காது, அதற்குக் கீமோ ஊசியைத் தொடர்ந்து போட்டே ஆகவேண்டும். இதை அக்கா வீட்டுக்காரரிடமும் என்னிடமும் இரண்டு தடவை சொன்னார். மச்சான் நன்றாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சொன்னபடியே தண்ணீர் நின்றது. அக்கா கொசுவம் வைத்துச் சேலை கட்டினாள், மீன் குழம்பு கேட்டுச் சாப்பிட்டாள். உடனே மாமியாருக்கு நேர்த்திக்கடன் ஞாபகம் வந்தது. எங்கள் பக்கம் வயிற்று நோய் தீர்ந்தால், மாரியம்மன் கோயிலில் மல்லாந்து படுத்து, வயிற்றில் ஈரத்துணி விரித்து, அதன்மேல் மாவிளக்கு வைத்து நெய்த்திரி ஏற்றுவார்கள். அக்காவையும் படுக்க வைத்தார்கள். துளை போட்ட இடம் இன்னும் ஆறவில்லை, சிவப்பும் மாறவில்லை. சூடான நெய் வழிந்து அதில் இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். திரி எரிந்து முடியும்வரை யாரும் அவளை எழவிடவில்லை.

அடுத்த வாரம் கீமோ ஊசிக்குப் போகவேண்டும். மாமியார் கூடாதென்றார். நேர்த்தியைச் செலுத்திவிட்டு ஊசி போட்டுக்கொண்டால் அம்மனை நம்பவில்லை என்று ஆகிவிடுமாம், கொடுத்ததை அவள் திரும்ப எடுத்துக்கொள்வாளாம். மச்சானுக்கு அது வசதியாகப் போயிற்று. பூ கொட்டுகிற சமயம், பறிக்க ஆள் வேண்டியிருந்தது. டாக்டர் சொன்னதை நான் ஞாபகப்படுத்தினேன். டாக்டர் ஆயிரம் சொல்வார், வயிறு வற்றியதைத்தான் கண்ணால் பார்க்கிறோமே என்றார் மச்சான்.

நானே கார் பிடித்துக்கொண்டு போனேன். அக்கா பையோடு வந்து ஏறி உட்கார்ந்தும்விட்டாள். மச்சான் வாசலில் பல் குத்திக்கொண்டே, "போறதுன்னா போ. ஆனா திரும்ப இங்கிட்டு வராத, ஒந் தங்கச்சி வீட்லயே இருந்துக்க" என்றார்.

"நான் வச்சுப் பாத்துக்கிறேன், வாக்கா" என்றேன்.

அக்கா பையை எடுத்துக்கொண்டு கார் கதவைத் திறந்தாள். "மகளுக்கு மாப்புள்ள பாத்துக்கிட்டு இருக்காங்கடி. ஆத்தாகாரி வீட்ட விட்டுப் போய்ட்டான்னா எவன் பொண்ணு கேட்டு வருவான்?"

இறங்கிப் போனாள். அன்று சாயங்காலமே கொல்லையில் பூப்பறித்தாளாம்.

நோய் நுரையீரலுக்கு ஏறியது. மூச்சு இரைக்கத் தொடங்கிய பிறகும் அவளைக் கொல்லைக்கு அனுப்பினார்கள். ஐப்பசி மழையில் செத்துப்போனாள்.

குளிப்பாட்டும்போது மாமியார் சேலையை விலக்கிவிட்டு, சுற்றி நின்ற பெண்களைக் கிட்டத்தில் கூப்பிட்டார்.

"பாருங்க, கடைசி வரைக்கும் வயித்துல ஒரு சொட்டுத் தண்ணி வரல. ஆத்தா கைவிடல."

பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.