அட்டையில் இருக்கும் பொட்டு

அறுபதுகளின் தொடக்கம் அது. கணவர் இறந்த பிறகு, என் பெயருக்கு வரும் பதிவுத் தபாலையெல்லாம் கொழுந்தனாரே வாங்கிப் பிரித்தார். பொறுக்க முடியாமல், போட்டோ ஒட்டிய தபால் அடையாள அட்டை கேட்டு விழுப்புரம் தபால் ஆபீசுக்குப் போனேன்.

திண்டிவனத்து ஸ்டுடியோக்காரர், எல்லாப் பெண்கள் படத்திலும் வரைவதுபோல என் படத்திலும் பொட்டு வரைந்திருந்தார். நான் கவனிக்கவில்லை. அதிகாரி என் வெறும் நெற்றியைப் பார்த்தார்.

"இது நீ இல்லியேம்மா. பொட்டு இருக்குதே. வூட்டு ஆம்பளைய இட்டுக்கினு வா."

அவர் மேசையிலிருந்த சிவப்பு மையில் விரலைத் தோய்த்து நெற்றியில் வைத்தேன்.

"இப்ப நான்தானேங்க? முத்திரை குத்துங்க."

அட்டையில் குத்தினார்.

மை அழிந்ததும் குங்குமம் வாங்கினேன். இன்றும், ஏன் பொட்டு என்று கேட்பவர்களிடம் அட்டையை நீட்டுகிறேன். அரசாங்கம் ஒத்துக்கொண்ட முகம் இது.