பார்சல் தராசில் ஏறிய பாயிண்ட்ஸ்மேன்

“தை, திங்கள், காலை 7.40. பா.மே. இரண்டு மணங்கு இருபத்திரண்டு சேர்.” பழுப்பேறிய பார்சல் ரசீதின் பின்புறத்தில் என் கையெழுத்து. வருஷம் எழுதிய மூலையைப் பூச்சி தின்றுவிட்டது. போர் நடந்துகொண்டிருந்தது, அம்பத்தூர் ஸ்டேஷனில் நான் பார்சல் குமாஸ்தாவாகச் சேர்ந்த பிறகு வந்த இரண்டாவது பொங்கல் அது. இதுவரை உறுதி. ரயில்வே கணக்கில் நாற்பது சேர் ஒரு மணங்கு; ஒரு சேர் இன்றைய கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஊர் மணங்கு வேறு.

பா.மே. என்றால் எங்கள் பாயிண்ட்ஸ்மேன். உழவுக் கூலிக் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள். அவர் லீவரை இழுத்துத் தண்டவாளத்தை மாற்றினால் பிளாட்பாரமே அதிரும் என்று கேலி செய்வோம். அந்த மார்கழியில் ரயில்வே டாக்டர் அவர் வயிற்றை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, பங்குனியில் மறுபரிசோதனை, அதற்குள் இளைக்காவிட்டால் வேலையில் வைக்க முடியாது என்று எழுதிவிட்டார்.

சரக்கு வண்டியில் வந்துபோன ஃபயர்மேன் ஒருவர் மலையாளத்துக்காரர். அவர்தான் ஒரு கூடை குடம்புளி கொண்டுவந்து கொடுத்தார். புகையில் காய்ந்து கறுத்த அந்தப் பழத்தோல், பார்வைக்குச் செருப்புத் தைத்து மிஞ்சிய வார். கொதிக்கவைத்து, அந்தச் சாற்றைச் சாப்பாட்டுக்கு முன் குடித்தால் வயிறு வற்றும் என்றார். திங்கள்தோறும் பாயிண்ட்ஸ்மேன் பார்சல் தராசில் ஏறி நிற்பார். நான் எடை பார்த்து எழுதுவேன். மூன்றாவது திங்கள் இரண்டு சேர் கூடியிருந்தது.

“தராசுக்கு இன்னாவோ ஆயிகீது, கிளார்க்கய்யா.”

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. எடை தெரிந்த அரிசி மூட்டையை ஏற்றிப் பார்த்தேன். தராசில் பிழையில்லை. அவர் அந்த மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டார். “வேலை பூட்ச்சின்னா மறுபடி சேத்துலதான் எறங்கணும்,” என்றார், மெதுவாக.

மதியம் சோறு கொண்டுவந்த அவர் மனைவியிடம் கேட்டபோதுதான் விஷயம் வெளிவந்தது.

“அந்தத் தண்ணிய யாருய்யா குடிப்பா, இம்மாம் புளிப்பு? ஏரி மீன் கொயம்புல போட்டேன். இது சட்டியோட வயிச்சித் துன்னுது. மருந்துதானேன்னு இன்னும் ரெண்டு கரண்டி சோறு வெச்சேன்.”

“மருந்து நல்லாத்தான் கீது,” என்றார் அவர், தலை நிமிராமல்.

மறுநாளிலிருந்து அவருக்குச் சாறும் ஒரு குவளைக் கேழ்வரகுக் கூழும்தான். ஆனால் பிள்ளைகள் அந்தக் குழம்பை விடவில்லை. வீட்டில் தினம் கொதித்தது; அவருடைய பங்கு எனக்கு வந்தது. நெற்றி வியர்க்கவைக்கும் காரம், அடியில் ஊறிக் கிடக்கும் கறுப்புத் துண்டு, வெள்ளையாக உதிரும் மீன். எதிரே உட்கார்ந்து கூழைக் குடித்தபடி பார்த்துக்கொண்டிருப்பார்.

“பாத்துத் துன்னு, கிளார்க்கய்யா. என் தொப்பை அங்க வந்துகினு கீது.”

பங்குனியில், வேலையில் வைக்கலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார். அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பாயிண்ட்ஸ்மேன் நேராக லீவருக்குத்தான் போனார். அவர் லீவரை இழுத்துவிட்ட வண்டி அன்று சரியான நேரத்துக்கு வந்ததையும் குறித்திருக்கிறேன்.

இன்று என் பேத்தியின் மேசையில் ஒரு மாத்திரைப் புட்டி இருக்கிறது. உடல் இளைக்க, குடம்புளிச் சத்து என்று அச்சிட்டு, மேலே பழத்தின் படம். வேலை செய்யுமா தாத்தா என்று கேட்டாள். ரசீதை எடுத்துக் காட்டினேன். கடைசி எடை: பா.மே. இரண்டு மணங்கு பன்னிரண்டு சேர். அதன் கீழே, அவர் என்னைப் பிடித்துத் தராசில் ஏற்றி எழுதவைத்த வரி: கிளார்க், மூன்று சேர் கூடுதல்.

அவரை இளைக்கவைத்தது அவர் குடித்த சாறா, நான் தின்ற குழம்பா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.