தானாக ஓடிய மோட்டார்

ஆட்டையாம்பட்டிக்கு மேற்கே, கண்ணாத்தாளின் தோட்டத்துக் கிணற்றடியில் தகரப் பெட்டி ஒன்று காலியாகத் தொங்குகிறது. முன்பு அதற்குள், பொத்தான் வைத்த பழைய கைப்பேசி ஒன்று மோட்டார் ஸ்டார்ட்டரோடு கம்பியால் பிணைக்கப்பட்டிருந்தது. அந்த எண்ணை அழைத்தால் மோட்டார் ஓடும். மீண்டும் அழைத்தால் நிற்கும். கணவர் ராசப்பன் செய்துவைத்த ஏற்பாடு அது. எண்ணை அறிந்தவர்கள் அவ்விருவர் மட்டுமே.

ராசப்பன் மாரடைப்பால் இறந்தார். பதினாறாம் நாள் அவருடைய உடைகளைப் பண்ணையில் வேலை செய்யும் முதியவர் சென்னிமலைக்குக் கொடுத்தார்கள். அதன்பின் ஒரு மாலை, மோட்டார் தானாக ஓடியது.

கண்ணாத்தாள் அடுப்படியில் நின்றிருந்தாள். அவளுடைய கைப்பேசி எதிரிலேயே கிடந்தது. ராசப்பன் மரவள்ளிக்குத் தண்ணீர் கட்டும் நேரம் அது. அவருடைய எண்ணை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது; எடுப்பார் இல்லை. அவர் இறந்த நாள்முதல் அவருடைய கைப்பேசியை வீட்டில் ஒருவரும் காணவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சில மாலைகளில் ஓடியது. சில மாலைகளில் ஓடவில்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவருடைய எண்ணுக்கும் தவறாமல் ரீசார்ஜ் செய்துவந்தாள்.

நகரின் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் குடியிருக்கும் மகன் தனபால் வந்திருந்த ஒருநாளும் மோட்டார் ஓடியது.

“ஏம்மா, மோட்டார யார் போட்டது?”

“நாந்தான் சாமி.”

“போனு சார்ஜுல கெடக்குது, நீ கீரை ஆஞ்சுட்டு இருக்கற. கீரைத்தண்டுல போட்டியா?” சிரித்தவன், உடனே முகம் மாறினான். “இந்தக் காயலாங்கடைச் சாமானக் கழட்டிட்டுப் புதுசு மாட்டறேன். யாரு போட்டாங்க, எப்பப் போட்டாங்கன்னு எல்லாமே அதுல தெரியும்.”

“தெரிஞ்சு என்ன பண்ணப்போற? இது நல்லாத்தான ஓடுது. உடு சாமி.”

பழையது செலவு வைக்காது, கைக்குப் பழகியது என்றெல்லாம் அவளும் ஊரார் சொல்லும் காரணங்களையே சொன்னாள். புதியதை மாட்டினால் அவர் அழைப்பு நின்றுபோகும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

கிணற்றுக்குள் ஆள் இறங்கினால் பியூஸ் கட்டையை உருவிவிடுவது அங்குள்ள வழக்கம். மாலை வேளைகளில் அவள் அதை உருவ விடுவதில்லை. அவர் அழைக்கும்போது மின்சாரம் இல்லாமற்போனால்?

ஐப்பசியில் ஒரு மாலை, மோட்டாரில் தண்ணீர் ஒழுகுவதை அடைக்கச் சென்னிமலை வந்தார். மோட்டார், கிணற்றின் பாதி ஆழத்தில் ஒரு மேடைமேல் இருந்தது.

“கட்டையப் புடுங்கலீங்களா ஆத்தா?”

“நாம் போடாம அது எப்படி ஓடும்? எறங்கு,” என்று அவருடைய மந்தமான காதுக்கு எட்டும்படி உரக்கச் சொன்னாள்.

அவர் இறங்கினார். உள்ளே இருள் கட்டியிருந்தது. திடீரென்று மோட்டார் உறுமியது.

வந்துவிட்டார் என்றே அவள் மனம் முதலில் மகிழ்ந்தது. பிறகுதான் கிணற்றுக்குள் இருப்பவர் நினைவுக்கு வந்தார். அலறினாள், அவருக்குக் கேட்டிருக்காது. ஓடிச்சென்று கட்டையைப் பிடுங்கினாள். உறுமல் அடங்கிற்று.

சென்னிமலை மெல்ல மேலேறி வந்தார். அவர் தோள்துண்டில் பாதி இல்லை. கையில் சிறு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது ராசப்பனின் கைப்பேசி.

“இது ஏது?”

“நீங்க குடுத்த சட்டைப் பைலதான் இருந்துச்சுங்க. சேத்துக் குடுத்துட்டீங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். பேசறதுக்கு எனக்கு ஆரு இருக்கறாங்க? லைட்டுக்குத்தானுங்க வெச்சிருக்கறேன்.” நடுங்கும் கட்டைவிரலால் பொத்தான்களைத் தடவிக் காட்டினார். “இப்படிக் கண்டமேனிக்கு அமுக்குனா, ஏதோ ஒண்ணுல எரிஞ்சுருதுங்க. வேணும்னா எடுத்துக்கங்க ஆத்தா.”

ராசப்பன் கடைசியாக அழைத்தது மோட்டாரைத்தான். விளக்கைத் தேடிய விரல், அழைப்புப் பொத்தானில் பட்டபோதெல்லாம் அந்த எண்ணையே திரும்பத் திரும்ப அழைத்திருந்தது.

கண்ணாத்தாள் கைப்பேசியை வாங்கவில்லை. கிழிந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீயே வெச்சுக்க.”

அன்றே மகனை அழைத்தாள். “சாமி, அந்தப் புதுசக் கொண்டாந்து மாட்டிரு.”

பெட்டியிலிருந்து கழற்றிய பழைய கைப்பேசி இப்போது அவளுடைய அடுப்படி அலமாரியில் இருக்கிறது. அதற்கு நாள்தோறும் சார்ஜ் ஏற்றுகிறாள். எல்லா எண்களுக்கும் ரீசார்ஜ் தொடர்கிறது. சென்னிமலை கட்டுத்தரையில் மாட்டுக்குச் சோளத்தட்டு போட விளக்கைத் தேடும் மாலைகளில், அலமாரியில் மணி அடிக்கிறது. யாருடைய விரல் என்று அவளுக்குத் தெரியும். ஆயினும் அடுப்பைத் தணித்துவிட்டு, மணி ஓயும்வரை அதன் எதிரில் நிற்கிறாள். ஒருநாளும் எடுத்ததில்லை. எடுத்தால் மாடுகள் தட்டு மெல்லும் ஓசைதான் கேட்கும்.