ஒட்டுப் போடாதவள்

எங்கள் தெருவில் என் மனைவிக்குக் கத்திக்காரி என்று பெயர். கார் சீட்டுக்கு உறை தைப்பது எங்கள் தொழில். அளவெடுத்து வெட்டுவது நான், தைப்பது அவள். சிகரெட் சுட்ட ஓட்டையோடு எந்த வண்டி வந்தாலும் மேலே ஒட்டுப் போட மாட்டாள். கத்தியால் உறையைப் பிரித்து உள்ளே ஸ்பாஞ்சைப் பார்த்த பிறகுதான் ஊசியில் நூல் கோப்பாள். இதனாலேயே பாதிப் பேர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். சொன்னால் கேட்கிற ஆளா அவள்?

பழைய கார் வாங்கி விற்கும் ஒருவரை நம்பித்தான் எங்கள் பிழைப்பே ஓடியது. ஒரு நாள் மத்தியானம் அவரே ஒரு வண்டியை ஓட்டி வந்து நிறுத்தினார். முன்சீட்டில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை.

"வர்ற வழியில சிகரெட் கை தவறி விழுந்துருச்சு. தட்டி அணைச்சுட்டேன். நாலு மணிக்கு ஒரு குடும்பம் வண்டி எடுக்க வருது. மேல ஒரு ஒட்டுப் போட்டுக் குடும்மா."

அவள் உள்ளங்கையைச் சீட்டில் வைத்தாள். "சுடுது."

"வெயில்ல வந்த வண்டி சுடாதா?"

பக்கத்துச் சீட்டிலும் கை வைத்தாள். "இதுவும் அதே வெயில்லதானே வந்துச்சு. இது சுடலையே."

இவர் போனால் கடை படுத்துவிடும். 'விட்டுடேன்' என்று கண்ஜாடை காட்டினேன். கண்டுகொண்டால்தானே? கத்தியை எடுத்தவள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை உறையைக் கீறிவிட்டாள்.

"ஏம்மா, பைத்தியமா உனக்கு?" என்று அவர் கத்தினார்.

உள்ளே ஸ்பாஞ்ச் கையகலத்துக்குக் கருகி, ஓரமெல்லாம் கனன்றுகொண்டிருந்தது. காற்றுப் பட்டதும் குப்பென்று புகை கிளம்பியது. வாளித் தண்ணீரை அப்படியே கவிழ்த்தாள்.

அப்புறமும் மனுஷன் அடங்கவில்லை. "அதான் அணைஞ்சிருச்சே. இப்ப தச்சுக் குடு. அவங்ககிட்ட எதுவும் சொல்ல வேணாம்."

"ஸ்பாஞ்ச் முழுசா மாத்தணும். அடியில வயர் வெந்திருக்கான்னு பாக்கணும். நாலு மணிக்கு ஆகாது. நடந்ததை அவங்ககிட்ட நீங்க சொல்லியே ஆகணும்."

"இனிமே என் வண்டி ஒண்ணு இந்த வாசல்ல நிக்காது" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீயாவது அவளுக்குச் சொல்லுய்யா."

ஆறு வருஷமாக அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவன் நான். அந்தச் சீட்டில் நாலு மணிக்கு யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தேன். கோபம் வந்தது. அவர்மேல் பாதி, என்மேல் பாதி. கருகிய ஸ்பாஞ்சைப் பிய்த்து, தண்ணீர் சொட்டச் சொட்ட அவர் கையில் வைத்தேன்.

"வண்டி வாங்க வர்றவங்ககிட்ட இதைக் காட்டிட்டு வாங்க. அப்புறம் தைக்கிறோம்."

கிழிந்த சீட்டோடு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு அதை யார் தலையிலும் கட்ட முடியாத அளவுக்கு அவள் நீளமாகக் கீறியிருந்தாள். அதற்குப் பிறகு அவர் வண்டி ஒன்றுகூட வரவில்லை.

வர வேண்டாம்.