கல் கதைத்த கடல்

வியா மக்வேதா தெருவில் கடலை மாவைத் தட்டையாக வெட்டி எண்ணெயில் போடுகிற தள்ளுவண்டிக்காரன் ஒருவன் நிற்பான். அந்த எண்ணெய் சடசடவென்று பொரிகிற சத்தம் காதில் விழுந்தால் எனக்குப் பசி வராது, எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிப் போய்விடுவேன். இத்தாலியில் இந்தப் பலேர்மோவுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகியும், போன மாசம்வரை இது மாறவில்லை. "மாமாவுக்குப் பாம்புக்குப் பயமில்லை, கொஸ்தூராவுக்குப் பயமில்லை, பொரிக்கிற சட்டிக்குத்தான் பயம்" என்று மருமகள் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். கொஸ்தூரா என்றால் இஞ்சத்தை விசாப் பொலிஸ் கந்தோர். அதற்கு நான் பயந்த கதை வேறு, அது இருக்கட்டும்.

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே நான் பிறந்த தீவில் வேலியும் முருகைக்கல், கிணற்றுக்கட்டும் முருகைக்கல். பவளப்பாறை என்று புத்தகத்தில் எழுதுவார்கள். செத்த கல்லைத்தான் நாங்கள் வேலியாக அடுக்கினோம். கடலுக்குள் உயிரோடு நிற்கிற கல் வேறு. மான் கொம்பு மாதிரி ஒன்று, ஆட்டு மூளை மாதிரி ஒன்று, அதைக் கொறித்துக்கொண்டு திரிகிற பச்சைக் கிளிமீன், பொந்துக்குள் வாயைத் திறந்து திறந்து மூடுகிற விலாங்கு. ஆனால் தலையைத் தண்ணீருக்குள் விட்டவுடன் கண்ணுக்கு முன்னம் காதுக்குத்தான் தெரியும், ஆயிரம் சட்டியில் ஒரேயடியாகப் பொரிக்கிற மாதிரிச் சடசடப்பு. சின்ன இறால்கள் கொடுக்கை அடிக்கிற சத்தமாம், படித்த பிள்ளைகள் சொல்கிறார்கள். எங்கள் ஆட்கள் "கல்லுக் கதைக்குது" என்பார்கள்.

"கல்லு வாயை மூடினா மேலை வந்திடு, ஏனெண்டு கேட்டு நிக்காதை" என்பது அப்புவின் வாக்கு. அப்பு என்றது என் தகப்பனை. அதற்காகத்தான், சங்கு குளிக்க ஒருவன் இறங்கினால், வள்ளத்தில் ஒருவன் "சவள்" என்கிற துடுப்பின் அலகைத் தண்ணீருக்குள் விட்டு, பிடியைக் காதோடு சேர்த்து வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பான். கல் அடங்கினால் வள்ளத்துப் பலகையில் "படபட"வென்று கல்லால் அடிக்க வேண்டும். கீழே இருக்கிறவன் கையில் எது இருந்தாலும் விட்டுவிட்டு வருவான்.

எனக்குப் பத்து வயது, அண்ணன் சிவத்துக்குப் பதினாறு. அன்று அப்பு வேறு வள்ளத்தில் தூரத்தில் நின்றார். நல்ல மத்தியான வெயில், காற்றில்லை, கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. அண்ணன் நான்காம் தரம் மூழ்கியபோது சவளுக்குள் சத்தம் நின்றது. குறையவில்லை, நின்றது. கதைத்துக்கொண்டிருந்த சனம் நாங்கள் உள்ளே வந்ததும் வாயை மூடுமே, அப்படி. என் காதுக்குள் தண்ணீர் போய்விட்டதென்று நினைத்தேன். தலையை ஒரு பக்கம் சாய்த்து உதறினேன், மற்றக் காதை வைத்தேன், அதிலும் ஒன்றுமில்லை. அடிக்கிற கல் என் கையில்தான் இருந்தது. சும்மா அடித்து அவன் நல்ல சங்கை விட்டுவிட்டு வந்தால் ஏசுவானே என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அடிக்கவில்லை. இதைத்தான் நான் சொல்ல வந்தேன். அடிக்கவேயில்லை.

அண்ணன் தானாக மேலே வந்து, தொற்றி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தான். அவன் கால் உள்ளே வந்த பிறகு எங்கள் வள்ளத்துக்கு அடியால் ஒரு கறுப்பு நிழல் போனது. தலை கடந்து, நான் எண்ணத் தொடங்கி, பதினொன்று எண்ணியும் வால் வரவில்லை. பிறகு கல் கதைக்கத் தொடங்கியது.

கரையில் அண்ணன் அப்புவிடம், "தம்பி தட்டினவன், அதாலைதான் வந்தனான்" என்றான். அப்பு என் தலையில் கையை வைத்தார். அன்றிலிருந்து எனக்கு ஊரில் "காதுக்காரன்" என்று பெயர். சங்கு குளிக்கப் போகிறவர்கள் "உன்ர காதைத் தாவன்" என்று பகிடி விட்டுக் கூட்டிக்கொண்டு போவார்கள். அறுபது வருடமாக அந்தப் பெயரைச் சுமந்தேன்.

இங்கே பொலிதேயாமாப் பக்கம், நாலாம் மாடியில், நான் துப்புரவு வேலை செய்கிற வீட்டுக்கார அம்மாவைச் சிஞ்ஞோரா என்பேன். அவளின் புருஷன் கடல் ஆராய்ச்சிக்காரன். பசிபிக் சமுத்திரத்தில் ஒரு தீவைச் சுற்றியுள்ள முருகைக்கல்லின் சத்தத்தைப் பல வருடம், ஒரே இடத்தில், தண்ணீருக்குள் கருவி விட்டுப் பதிந்து வைத்தவன். அவன் செத்த பிறகு மகன் அதையெல்லாம் கொம்பியூட்டரில் ஏற்றிக் கொடுத்திருந்தான். போன மாசம் ஒரு மத்தியானம் சிஞ்ஞோரா என்னையும் இருத்திப் போட்டுக் காட்டினாள். முதலாவதில் சடசடப்பு, இடையிடையே மீன்கள் உறுமுகிற சத்தம், கிளிமீன் கல்லைக் கொறிக்கிற சத்தம். எங்கள் தீவேதான். "இது அவர் கடைசித் தரம் போனபோது பதிந்தது" என்று அடுத்ததைப் போட்டாள். கடல் சூடேறி, கல் முழுக்க எலும்பு மாதிரி வெளுத்துப்போனதாம். கேட்டோம், கேட்டோம், ஒன்றுமில்லை.

எனக்குத் தெரியாமல் என் கை எழும்பியது. விரலை மடக்கி, விரல் மொழியால் மேசையில் ஆறுதலாக, அவசரப்படாமல், மூன்று தரம் தட்டினேன். சிஞ்ஞோரா வாசற்பக்கம் திரும்பி, "கீ யே?" என்றாள், ஆரது என்று. கதவடியில் ஒருவரும் இல்லை.

வெளியே வந்து, படியிலேயே இருந்து, தீவில் இருக்கிற அண்ணனுக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டேன். "அண்ணை, அண்டைக்கு நான் தட்டேல்லை."

அவர் இருமி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"தெரியும்" என்றார். "நீயெண்டா படபடவெண்டு அடிப்பாய். அது ஆறுதலா, ஒண்டு, ரெண்டு, மூண்டு. மரத்திலை தட்டின சத்தம்தான், ஆனா எங்கட வள்ளமில்லை. கன தூரத்திலையிருந்து வந்தது."

"பிறகேன் நானெண்டு சொன்னனீங்கள்?"

"இல்லாட்டி அப்பு உன்னைத் திரும்ப வள்ளத்திலை ஏத்தியிருப்பாரோ?" கொஞ்சம் சிரித்தார். "இப்ப கல்லும் கதைக்கிறேல்லையடா. பொடியள் சவள் வைச்சுக் கேக்கிறதும் இல்லை. கேக்கிறதுக்கு என்ன இருக்கு?"

இப்போது தள்ளுவண்டியைக் கண்டால் நான் தெரு மாறுவதில்லை. நின்று, எண்ணெய் அடங்கும்வரை கேட்டுவிட்டுத்தான் போகிறேன். விரல் மொழி இன்னும் நோகிறது. மேசையில் தட்டியதைப் பற்றி அண்ணனுக்கு நான் சொல்லவில்லை.