தள்ளிப்போட்ட வெட்டு

அன்று கம்பம் பக்கத்துத் திராட்சைத் தோட்டத்தில் கேமராவோடு நான் இருந்தேன். தோட்டக்காரர் சேசு அண்ணனும் அவர் மனைவி மேரி அக்காவும் இருந்தார்கள். யாருடைய பாட்டுக்கு வீடியோ எடுக்க வந்தேனோ, இணையத்தில் பாட்டுப் போடும் அந்த நண்பன் மட்டும் வரவில்லை. இரண்டு நாள் கழித்து வருவதாகப் போனில் சொன்னான். ஆனால் மறுநாள் காலையே வியாபாரி பழம் வெட்ட வருவதாக இருந்தது. பந்தல் நிறையக் கறுத்துத் தொங்கும் பழம் இல்லாமல் என் வீடியோ இல்லை.

"அண்ணே, வெட்டை ரெண்டு நாள் தள்ளிப்போடுங்கண்ணே."

"மேகம் கூடி நிக்கிது தம்பி. மழை விழுந்தா பழம் வெடிச்சிரும்" என்றார் அக்கா.

"போன்ல மழை இல்லன்னுதான்க்கா காட்டுது."

அண்ணன் சிரித்தார். "படிச்ச பிள்ள சொல்லுது, விடு. நம்ம தோட்டத்த ஊரே பாக்கட்டும்."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தச் சொல் எனக்கு இனித்தது.

மறுநாள் மாலையே மழை கொட்டியது. நண்பன் வந்தபோது கொத்துக்கொத்தாய்ப் பழம் வெடித்துச் சாறு சொட்டிக்கொண்டிருந்தது. கேமராவில் அது அத்தனை அழகு. என்னை அறியாமல் "சூப்பர்!" என்று கத்திவிட்டேன். திரும்பினால், அக்கா வெறுங்கூடையோடு நின்றிருந்தார்.

"நல்லா எடுத்துக்க தம்பி. இதுக்குத்தான வச்சிருந்தோம்."

வியாபாரி வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். வீடியோவில் எல்லோரும் பாராட்டுவது அந்தக் காட்சியைத்தான். அப்படிப் பாராட்டியவர் யாருக்கும் நான் நன்றி சொன்னதில்லை. அது பதினோரு வினாடி ஓடும். அதற்காக அண்ணனும் அக்காவும் குப்பையில் கொட்டியது மூன்று டன் பழம்.