தீயில்லாத கல்லில் மொதலாளிக்கு ஒரு ரோஸ்ட்

1. படிக்கட்டில் மாட்டிக்கொண்டது

அன்று காலை எங்கள் வீட்டு மரப்படிக்கட்டின் நடுவில், நிறை சிலிண்டர் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காதல் ஒன்றும் இல்லை. முழங்கால் பிடித்துக்கொண்டது.

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீடு மாடியில். கீழே சுக்கு குடோன். சிலிண்டர் கொண்டுவருகிற பையன் அந்தப் படிக்கட்டை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சேட்டா, இது மனுஷன் ஏறுற படியா, கோழி ஏறுற படியா?" என்று கேட்டுவிட்டுக் கீழேயே இறக்கி வைத்துவிடுவான். மேலே கொண்டுபோவது என் வேலை. ஓட்டலில் தோசை மாஸ்டராக ஆயுசு முழுக்க நின்றே வேலை பார்த்த கால்கள் என்னுடையவை. நிற்கச் சொன்னால் நிற்கும். ஏறச் சொன்னால் யோசிக்கும். அன்று பாதி ஏறிய பிறகு யோசிக்க ஆரம்பித்துவிட்டன.

குடோனில் மூட்டை தூக்குகிறவர்கள் இரண்டு பேர் வந்து முதலில் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிறகுதான் என்னைத் தூக்கினார்கள். அவர்கள் தொழிலில் கனமானதை முதலில் ஏற்றுவது வழக்கமாம்.

என் மனைவி பகவதி மேலே கதவருகில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் மத்தியானம் தோப்பும்படி கடைத்தெருவுக்குப் போய், ஓர் அட்டைப்பெட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். உள்ளே கறுப்புக் கண்ணாடி பதித்த, ஒற்றை இண்டக்‌ஷன் அடுப்பு.

"இது என்னது?" என்றேன்.

"படியேறாத அடுப்பு," என்றாள்.

பழைய கேஸ் அடுப்பைச் சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றினாள். சிலிண்டரைச் சமையலறை மூலையில் தள்ளி, அதன்மேல் ஒரு துணியை விரித்து, காய்கறிக் கூடையை வைத்தாள். ஒரே நாளில் அது முக்காலி ஆகிவிட்டது.

2. தீயைத் தேடியது

எங்கள் சமையலறையில் பவர் பிளக் கிடையாது. பார்க்க வந்த வயர்மேன் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சேட்டா, இங்க உள்ள வயர் ரொம்பப் பழசு. இண்டக்‌ஷன் வச்சா தாங்காது. புது லைன் இழுக்கிற வரைக்கும் ஹால்ல இருக்கிற பிளக்ல குத்திக்கோ," என்று சொல்லிவிட்டுப் போனார். ஹாலில் அந்த பிளக்குக்குப் பக்கத்தில் இருந்தது சாப்பாட்டு மேசை. ஆக, அடுப்பு மேசையின் ஒரு முனைக்கு வந்தது. உலகத்தில் எல்லார் வீட்டிலும் சமையலறையிலிருந்து சாப்பாடு மேசைக்கு வரும். எங்கள் வீட்டில் சமையலறையே வந்துவிட்டது.

பகவதிக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அலுமினியப் பாத்திரத்தை வைத்தால் அடுப்பு பீப் பீப் என்று கத்தி மறுத்துவிடும் என்று கண்டுபிடித்தாள். அந்தப் பாத்திரங்களை ஒதுக்கினாள். மண்சட்டியையும் அது மதிக்காது என்று தெரிந்ததும், மீன் குழம்புக்கு அடி தட்டையான ஓர் இரும்புச் சட்டி வாங்கினாள். இரண்டே நாளில் சாயாவும் சோறும் குழம்பும் முன்பு போலவே வந்தன. வியர்வை மட்டும் இல்லை.

கஷ்டப்பட்டது தொழில் தெரிந்த நான்தான்.

ஓட்டலில் என் கல் ஒரு கட்டில் அகலம். அடியில் வரிசையாகப் பர்னர்கள். தீ நீலமாக இருக்கிறதா, மஞ்சள் அடிக்கிறதா என்று குனிந்து ஒரு பார்வை பார்த்தால், மாவு ஊற்றலாமா வேண்டாமா என்று சொல்லிவிடுவேன். அந்தக் குனிவு என் உடம்போடு ஒட்டிவிட்டது. இண்டக்‌ஷனில் கல்லை வைத்த முதல் நாள், பட்டனை அழுத்திவிட்டுக் குனிந்து அடியில் பார்த்தேன். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்தேன்.

"எலி ஏதும் போச்சா?" என்றாள் பகவதி.

"தீயைப் பாக்குறேன்."

"அதுல ஏது தீ? நம்பர் எரியுது பாருங்க, அதப் பாத்தா போதும்."

நம்பரை ஆக மேலே ஏற்றினேன். ஓட்டலில் காலை ஏழு மணிக்குத் தீயைக் குறைத்து வைத்துப் பழக்கமில்லை. கல் புகைந்தது. ஓட்டல் பழக்கப்படி ஒரு சொம்பு தண்ணீரை வீசிக் கல்லைத் துடைப்பத்தால் இழுத்தேன். பெரிய கல்லில் அது கம்பீரமான காட்சி. நுரைத்துக்கொண்டு ஓரத்துக் கால்வாயில் ஓடும். மேசையில் ஏது கால்வாய்? தண்ணீர் அடுப்பின் கண்ணாடி மேல் பாய்ந்தது. அடுப்பு கத்திக்கொண்டே அணைந்தது. மிச்சத் தண்ணீர் பகவதியின் மடியில் இறங்கியது.

"துடைப்பத்தோட சமைக்கிற ஆள இன்னைக்குத்தான் பாக்கேன்," என்று சொல்லி அவள் அதைப் பிடுங்கிக் கதவுக்குப் பின்னால் வைத்தாள். அரை வெங்காயத்தை முள்கரண்டியில் குத்திக் கையில் கொடுத்தாள்.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஒரு தோசை ஊற்றினேன். நடுவில் வளையல் மாதிரி ஒரு கறுப்பு வட்டம். வளையலுக்கு வெளியே எல்லாம் பச்சை மாவு. பகவதி அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"கெரகணம் பிடிச்சிருக்கு," என்றாள்.

3. மொதலாளி வைத்த மிச்சம்

இந்த நிலையில்தான் ஓட்டல் மொதலாளியின் போன் வந்தது.

"எந்தா மாஸ்டரே, ரிட்டயர்டு ஆன உடனே எங்களை மறந்துபோயோ? ஞாயிற்றுக்கிழமை காலையில நானும் மணியனும் அங்க வர்றோம். உங்க கையால ஒரு தோசை சாப்பிடணும்."

மொதலாளி கிருஷ்ணன்குட்டி மலையாளி. என்னிடம் பேசிப் பேசியே தமிழ் படித்தவர், அதனால் அவர் தமிழில் உள்ள தப்புகளுக்கு நானும் பொறுப்பு. மணியன் எங்கள் ஓட்டல் சப்ளையர். சமையலறைச் சுவரில் இருந்த சதுரத் துவாரத்தில் தலையை விட்டு, "ரெண்டு ரோஸ்ட், ஒரு நெய்" என்று கூவுகிற தொண்டை அவனுடையது. எனக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் இருந்த ஒரே கம்பி அவன்தான். என் கல் சுவரைப் பார்த்து இருந்தது. நான் கல்லைப் பார்த்து இருந்தேன். என் தோசையை ஒருவர் சாப்பிடுவதை நான் பார்த்ததே இல்லை. எல்லாம் மணியன் சொல்லித்தான் தெரியும்.

மொதலாளி விஷயத்தில் எனக்கு ஓர் உறுத்தல் இருந்தது. தினமும் காலையில் கல்லாவில் உட்கார்வதற்கு முன் அவருக்கு ஒரு ரோஸ்ட் போகும். தினமும் அந்தத் தட்டு மிச்சத்தோடு திரும்பி வரும். தோசையின் ஓரங்கள் உடைந்து குவியலாகக் கிடக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மணியனிடம் கேட்டேன். அவன் தட்டை உற்றுப் பார்த்து, "முறுகல் பத்தலைன்னு தோணுது சேட்டா," என்றான்.

மறுநாள் இன்னும் முறுகலாகச் சுட்டேன். மிச்சம் இன்னும் கூடியது. அதற்கு மறுநாள் இன்னும் முறுகல். இப்படியே ஏறி ஏறி, கையால் தொட்டால் அப்பளம் போல் நொறுங்குகிற ஒரு ரோஸ்ட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஊரெல்லாம் அதைத் தேடி வந்தது. வாசலில் அதற்காகவே போர்டு வைத்தார்கள். மொதலாளி தட்டில் மட்டும் மிச்சம். நான் ஓய்வு பெற்ற நாள் காலையிலும் மிச்சம்.

"அந்த மனுசன் என் ரோஸ்ட்ட முழுசாத் தின்னு நான் கண்டதில்ல," என்று பகவதியிடம் சொன்னேன். "கேஸ்ல சுட்டதுக்கே அந்தக் கதி. இந்தக் கெரகணத்த எப்படி வைக்கிறது? பரண்ல இருந்து அடுப்ப எறக்கு."

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"ஒரு பேச்சு பேசிக்கிடுவோம். இதுலயே சுட்டுக் குடுங்க. அவுக மிச்சம் வைக்காம சாப்பிட்டா, கேஸ் கனெக்சன சரண்டர் பண்ணிருவோம். மிச்சம் வச்சா, அடுப்ப நானே எறக்கி வைக்கேன்."

"இது தீந்தா அடுத்த சிலிண்டர்?"

"அதையும் நானே தூக்கிட்டு வாறேன். நீங்க மேல நின்னு பாருங்க."

அவளுக்கு இடுப்பு வலி உண்டு. நான் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டேன் என்றும் அவளுக்குத் தெரியும். என் நிலைமையைப் பாருங்கள். ஜெயித்தால் கேஸ் அடுப்பு போகும். தோற்றால் மானம் போகும், அதோடு யாராவது ஒருத்தர் முழங்காலோ இடுப்போ போகும்.

வாரம் முழுக்கப் பழகினேன். நம்பரைக் குறைவாக வைத்து, கல் மெதுவாகச் சூடாகக் காத்திருக்க வேண்டும். அவசரப்படுத்தினால் நடு மட்டும் கொதிக்கும். தோசை ஊற்றிய பிறகு கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஓரங்களையும் சூட்டுக்கு மேல் கொண்டுவர வேண்டும். வெள்ளிக்கிழமை கிரகணம் விலகியது. சனிக்கிழமை பழைய ரோஸ்ட்டின் சின்னத் தம்பி மாதிரி ஒன்று வந்தது. சாசர் அகலம்தான், ஆனால் நொறுங்கியது.

4. கரண்ட் போனது

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே மழை. மொதலாளியை மணியன் ஒரு கையால் பிடித்து, இன்னொரு கையால் குடை பிடித்துப் படியேற்றிக்கொண்டு வந்தான்.

"இந்தப் படியில சிலிண்டர் எப்படிக் கேறும்?" என்றார் மொதலாளி மூச்சு வாங்கிக்கொண்டே.

"இப்பக் கேறுறதில்ல," என்றாள் பகவதி.

அடுப்பு மேசை முனையில் இருந்தது. நின்று குனிந்தால் முழங்கால் வலிக்கும் என்று அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எதிரே மொதலாளி, பக்கத்தில் மணியன். இப்படி எதிரெதிராக நாங்கள் உட்கார்ந்ததே கிடையாது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் குனிந்து தீயைத் தேடினேன். பகவதி செருமினாள்.

முதல் ரோஸ்ட் நன்றாகவே வந்தது. மொதலாளி தட்டில் வைத்தேன். அவர் விரல்கள் தோசையின் நடுவுக்குப் போயின. மெத்தென்று இருந்த இடத்தைக் கிள்ளிச் சட்னியில் தொட்டுச் சாப்பிட்டார். ஓரத்தை உடைத்தார். உடைத்ததைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினார். இன்னொரு துண்டு உடைத்தார், அதையும் ஒதுக்கினார். இத்தனை வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்தது இப்போது என் கண் முன்னால் நடந்தது.

பகவதி பரணை ஒரு பார்வை பார்த்தாள்.

இரண்டாவது மாவை ஊற்றினேன். இன்னும் முறுக விட வேண்டும் என்று கல்லை நகர்த்தக் கை வைத்தபோது வெளியே பளீரென்று மின்னியது. கரண்ட் போனது. அடுப்பின் நம்பர் மறைந்தது, காற்றாடிச் சத்தம் நின்றது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "பாத்தியா? கேஸ் இருந்தா இப்படி ஆகுமா?" என்கிற முகத்தோடு பகவதியைப் பார்த்தேன். அவள் கல்லைக் காட்டினாள்.

கல் கனமானது, அவ்வளவு சீக்கிரம் ஆறாது. மிச்சமிருந்த சூட்டில் தோசை தானாக வெந்துகொண்டிருந்தது. நிறம் ஏறவில்லை, ஓரம் தூக்கவில்லை. வெள்ளை வெளேரென்று, துவைத்து மடித்த கைக்குட்டை போல இருந்தது. இதை ஓட்டலில் ஊற்றியிருந்தால் மணியன் துவாரத்தில் தலையை விட்டு, யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டிருப்பான்.

"மன்னிச்சுக்கோங்க மொதலாளி. கரண்ட் வரட்டும், வேற சுடுறேன்," என்று அதை எடுத்து என் தட்டில் போடப் போனேன்.

"இங்க வைங்க," என்றார்.

வைத்தேன். அவர் ஓரத்திலிருந்து ஆரம்பித்தார். ஒரு பக்கமாகவே சாப்பிட்டுக்கொண்டு வந்தார். முன்பு ஒதுக்கிய ஓரங்களைத் தவிரத் தட்டு காலியானது. விரலால் சட்னியையும் வழித்தார்.

"இன்னொண்ணு இதுபோல உண்டா?"

கல்லில் இன்னும் ஒன்றுக்குச் சூடு இருந்தது. அது இன்னும் வெளுப்பாக வந்தது. அதுவும் போனது.

"மொதலாளி," என்றேன், "இது வேகவே இல்லையே."

"வெந்தது மதி, போதும் மாஸ்டரே. எனக்கு இதுதான் இஷ்டம். என் பல்லு அன்னைக்கே மோசம். நீங்க தந்தது ஓடு மாதிரி இருக்கும். நடுபாகம் மட்டும் தின்னுட்டு எழுந்துருவேன்."

"அப்ப இட்டிலி சாப்பிட்டிருக்கலாமே?" என்றாள் பகவதி.

"இட்லி எனக்குப் பிடிக்காது பெங்ஙளே," என்றார், அவளைத் தங்கை முறை வைத்து.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றேன் நான்.

"எப்படிச் சொல்ல? வாசல்ல போர்டு வச்சிருக்கேன், முறுகல் ரோஸ்ட்னு. மொதலாளியே மெத்துமெத்துன்னு தின்னா பாக்கிறவன் என்ன நினைப்பான்? பின்னே, நீங்க பிணங்கிட்டு ஊருக்குப் போயிட்டா கல்லுல யாரு நிப்பா? அதுவும் நாளுக்கு நாள் ஓடு இன்னும் கெட்டியாச்சு. என் மேல உங்களுக்கு என்னமோ கோபம், அதான் இப்படிச் சுடுறீங்கன்னு நினைச்சேன்."

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் மணியனைப் பார்த்தோம். அவன் வாயில் மொதலாளி ஒதுக்கிய ஓரத் துண்டு இருந்தது.

"எடா மணியா, நான் எப்பவாவது உன்கிட்ட முறுகல் பத்தலைன்னு சொன்னதுண்டா?"

மணியன் மென்று விழுங்கினான். "இல்ல மொதலாளி. தட்டைப் பாத்து நானா ஊகிச்சது."

மொதலாளி சிரிக்க ஆரம்பித்தார். மழைச் சத்தத்துக்கு மேலே கேட்டது. கீழே குடோனிலிருந்து ஒருவன், "மேலே என்ன, சிலிண்டர் வந்துருச்சா?" என்று கத்தினான்.

5. தலையைத் தூக்கியது

முதல் ரோஸ்ட்டின் மிச்சத்தை இருவரும் கணக்கில் சேர்க்கவில்லை; அந்த வாரமே கேஸ் கனெக்‌ஷனை ஒப்படைத்தோம். காலி ஆகாத சிலிண்டரைக் கீழே இறக்கியதும் அதே இரண்டு பேர்தான். காய்கறிக் கூடைக்குப் புது இடம் தேட வேண்டியிருந்தது. அது ஒன்றுதான் நஷ்டம்.

தோசைக் கல்லுக்கு முன் நிற்கிற தம்பிமார் யாராவது இதைப் படித்தால், எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தீயைக் குனிந்து பார்க்கப் படித்தது நல்லது. நானும் அதை நன்றாகத்தான் படித்தேன். நடுவில் ஒருமுறை தலையைத் தூக்கித் துவாரத்துக்கு அந்தப் பக்கம் போய், தின்கிறவர் முகத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். திரும்பி வந்த தட்டைப் படித்துக் காட்ட மணியனை விடாதீர்கள்.

சிலிண்டர் போன மறுநாள் காலை மேசையில் நானும் பகவதியும் மட்டும். வயர்மேன் இன்னும் வரவில்லை, அவர் வராமல் இருந்தால்கூடப் பரவாயில்லை என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது. கல்லில் வெங்காயம் தேய்த்தேன். மாவை மொண்டேன். ஊற்றப்போன கையை நிறுத்தி, எதிரே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தேன்.

"உனக்கு எப்படி வேணும்?"

கல்யாணமாகி இத்தனை காலத்தில் இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் கேட்கப்பட்டதில்லை. வீட்டுக்குத் தோசை அவள்தான் சுடுவாள். என் தோசை ஊருக்கு.

"எனக்கா? நல்லா மொறுமொறுன்னு. ஊரெல்லாம் தின்னுச்சே, அது."

"இந்த அடுப்புல அதுக்கு நேரமாகுமே."

"ஆகட்டும். எனக்கு வேற எங்க போகணும்?"

நம்பரைக் குறைத்து வைத்தேன். மாவை ஊற்றி மெல்லியதாக இழுத்தேன். பிறகு கல்லை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று நகர்த்திக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஓரம் மெதுவாகச் சிவந்தது. அவள் தட்டை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டாள்.